முல்லர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

"முல்லர் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஜெர்மானியர் அனைவரும் ஒரே மூதாதையின் வாரிசுகள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். நீர்ச்சக்கரத்தால் ஓடும் ஆலைகள் ஜெர்மன் நாடுகளெங்கும் இருந்தன. பல இடங்களில், பிரபு குறித்த ஆலையில்தான் குடியானவர்கள் தானியம் அரைக்க வேண்டும் என்பது கட்டாயம். அந்த ஆலைக்காரரைத் தெரியாதவர் ஊரில் யார் இருந்திருப்பார்கள்? 12 முதல் 16ஆம் நூற்றாண்டுக்குள் குடும்பப்பெயர்கள் மெல்ல நிலைத்தபோது, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இதே பெயர் அமைந்தது. வடக்கே அதன் வடிவம் மோல்லர். ஜெர்மனியில் இன்று மிகப் பரவலான குடும்பப்பெயர் முல்லர்தான். காரணம் தொழிலின் பரவல், இரத்த உறவு அல்ல.

பெயர் நிலைத்தபின் தொழில் மாறியது. நாம் அறிந்த வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் கவிஞர், தாத்தா தையற்காரர்.