எலிசபெத் எட்வர்ட்ஸ் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

மனைவி எலிசபெத்துக்குப் புற்றுநோய் திரும்பியதுமே ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி ஜான் எட்வர்ட்ஸ், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான அக்கட்சியின் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியில்லை. 2007 மார்ச் 22 அன்று வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில் நகரில் இருவரும் சேர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். நோய் திரும்பியதைச் சொன்ன அதே சந்திப்பில், பிரச்சாரம் தொடரும் என்றும் அறிவித்தார்கள். அப்புறமும் எலிசபெத் பிரச்சாரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். நோயோடு அவர் உழைத்த அந்தப் பத்து மாதங்களை இப்படி ஒரே வரியில் அழித்துவிடக் கூடாது. எட்வர்ட்ஸ் விலகியது 2008 ஜனவரி 30 அன்று, தென் கரோலினா மாநிலத்தின் கட்சி வேட்பாளர் தேர்வில் மூன்றாவதாக வந்த பிறகு.

சரிபார்ப்பது சுலபம்: 2008 ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வின் முடிவுகளைத் தேடிப் பாருங்கள். ஒபாமாவுக்கு அடுத்து, இரண்டாம் இடத்தில் எட்வர்ட்ஸ் பெயர் இருக்கும்; அதாவது, அப்போதும் அவர் போட்டியில்தான் இருந்தார்.