ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபியின் துணைப்பாடம் அல்ல

மதுரை மாவட்டத்துப் பிளஸ் டூ மாணவர்களுக்கான இந்த உரையாடலில், ஆக்குபேஷனல் தெரபி (நோயாலோ குறைபாட்டாலோ தடைபட்ட அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பயிற்றுவிக்கும் சிகிச்சை) என்பது பிசியோதெரபியின் ஒரு துணைப்பாடம் என்றும், அண்மையில் வந்திறங்கிய அத்துறையில் பெயர் சொல்லும்படி யாரும் இல்லை என்றும் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று.

அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அண்மையில் வந்தது என்று இதை எப்படிச் சொல்வது? ஆய்வு என்று பார்த்தால், புலன்கள் தரும் தகவல்களை மூளை எப்படி ஒன்றிணைக்கிறது என்று விளக்கும் புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வகுத்த அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ் இத்துறையில் பயின்று பணியாற்றிய பின்னரே முனைவர் பட்டம் பெற்றவர். இன்று ஆட்டிசக் குழந்தைகளுக்கான மையங்களில் பேசப்படும் 'சென்சரி' பயிற்சிகள் பலவற்றுக்கு அவருடைய ஆய்வே வேர் (அவற்றுள் எல்லாமே அவர் சொன்னபடி நடப்பதில்லை என்பது வேறு கதை).

இரு துறைகளும் பல இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது உண்மைதான். ஆனால், பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த பூக்காரம்மா ஒருவருக்குத் தோளின் வலுவையும் நடையையும் மீட்பதில் பிசியோதெரபி முதன்மையாக நிற்க, அவர் மீண்டும் மல்லிகைச் சரம் தொடுக்கவும், தாமே சேலை உடுத்தவும், அதற்கேற்ப உட்காரும் முறையையும் கருவிகளையும் மாற்றிக்கொள்ளவும் பயிற்றுவிப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் தனித்திறன். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனித் தொழில்களாகவே வகைப்படுத்துகிறது.