டிரா என்றாலே கொட்டாவி விடுபவர்களுக்கு

செஸ் ஆட்டம் டிரா ஆனதும் ‘பேசி வைத்து ஆடிட்டாங்க’ என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டிராவும் உண்டு, மறுக்கவில்லை. பெர்லின் தடுப்பாட்டம் என்ற தொடக்க முறையில் ஒரு பிரபலமான வழி: வெள்ளை ராணி இ4 என்ற கட்டத்தில் வந்து செக் கொடுக்கும், கறுப்பு ராணி இ6-இல் மறிக்கும், வெள்ளை டி4-க்கும் கறுப்பு டி6-க்கும் திரும்பிவிடும். இதையே இன்னொரு தடவை ஆடினால் 14வது நகர்வில் ஒரே நிலை மூன்று முறை வந்துவிடும், டிரா. ‘30 நகர்வுக்கு முன் டிரா கேட்கக் கூடாது’ என்று விதி போட்டாலும் இதைப் பிடிக்க முடியாது. யாரும் யாரிடமும் கேட்கவே இல்லையே!

ஆனால் 2018 நவம்பர் 16, லண்டன், உலகப் பட்டப் போட்டியின் 6வது ஆட்டம். அப்போதைய சாம்பியன் கார்ல்சன் வெள்ளை, சவால் விட்ட கருவானா கறுப்பு. பெட்ரோவ் தடுப்பாட்டம். நாலாவது நகர்வில் கார்ல்சன் குதிரையை வழக்கமான எஃப்3-க்குத் திருப்பாமல் டி3-இல் வைத்தார். 8வது நகர்வில் இருவர் குதிரையும் எதிராளியின் ராணியைத் தின்றன. அதன்பின் வெள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஒரு காயைச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு அரண் கட்டி உட்கார்ந்தார் கார்ல்சன்.

68வது நகர்வில் கருவானாவுக்கு வெற்றி இருந்தது: பிஷப் ஹெச்4. பிறகு குதிரை இ2 வழியாக ஜி1-க்குப் போக வேண்டும். ஜி1-இலிருந்து குதிரைக்கு மூன்றே வழி: இ2, எஃப்3, ஹெச்3. வெள்ளை பிஷப் ஜி4-இல் வந்து நின்றால் மூன்றும் அடைபடும். நன்றாக ஆடத் தெரிந்த எவருடைய கையும் அங்கே கூசும். ஆனால் அப்போது கறுப்பு ராஜா அமைதியாக ஜி8-க்கு வந்தால் போதும். அடுத்து ஆட வேண்டியது வெள்ளை, அசைத்தால் கெடும். பூட்டுப் போட்ட பிஷப்பே நகர வேண்டியதாகி, குதிரை வெளியே வந்துவிடும்.

கணினி இதைக் காட்டியதும் ‘கருவானா கோட்டை விட்டார்’ என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! இதை ஒருவர் பலகையில் ஆடியிருந்தால் கணினி உதவியோடு ஏமாற்றுகிறாரோ என்று உடனே மெட்டல் டிடெக்டர் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள் என்றார் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ். அதுதான் சரியான அளவுகோல். ஆறு மணி நேரம் தாண்டி உட்கார்ந்திருப்பவர், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் கிடைக்கும் கடிகாரத்தோடு, தன் குதிரையைத் தானே சிறை வைக்க எப்படித் துணிவார்? 80வது நகர்வில் கை குலுக்கினார்கள்.

அந்தப் போட்டியில் 12 ஆட்டமும் டிரா. கடைசியில் ரேபிடில், அதாவது குறைந்த நேர ஆட்டங்களில், கார்ல்சன் 3-0 என்று முடித்தார். ‘12 டிரா, ஒரே போரடிப்பு’ என்பவர்கள், முதல் ஆட்டம் 115 நகர்வு போனதையாவது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.