7,197 ஓட்டு, ஒன்றரை லட்சத்தை நெருங்கிய வீண் சீட்டு

நியூயார்க் மேயரைப் பெரும்பாலும் நவம்பர் தேர்தல் முடிவு செய்வதில்லை. ஜூனில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே கதை முடிந்துவிடும். 2021-ல் அந்த ஜூன் போட்டியில் எரிக் ஆடம்ஸ் 4,04,513, கேத்ரின் கார்சியா 3,97,316. வித்தியாசம் வெறும் 7,197.

எல்லாரும் இந்த எண்ணைத்தான் பேசினார்கள். எனக்கு உறுத்துவது, கடைசிச் சுற்றுக்கே வராமல் வழியில் நின்றுபோன சுமார் 1,40,000 ஓட்டுகள்.

சீட்டில் 13 பெயர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஐந்து வட்டம். முதல் விருப்பம், இரண்டாவது என்று ஐந்து வரை நிரப்பலாம். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் நிற்பவரை நீக்குவார்கள். அவருக்கு விழுந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். நீங்கள் குறித்தவர்கள் எல்லாரும் நீக்கப்பட்டால் உங்கள் சீட்டும் கணக்கில் இல்லை.

கடைசி நேரத்தில் இன்னொரு வேட்பாளரான ஆண்ட்ரூ யாங், "எனக்கு அடுத்து கார்சியாவைக் குறியுங்கள்" என்று அவரோடு சேர்ந்து பிரசாரம் செய்தார். பலன் கைமேல் கிடைத்தது. யாங் வெளியேறிய சுற்றில், மூன்றாவதாக இருந்த கார்சியா, இரண்டாவதாக இருந்த மாயா வைலியைத் தாண்டினார்.

அடுத்து வைலியின் முறை. அவரிடம் சேர்ந்திருந்த இரண்டரை லட்சத்தில் 74 ஆயிரத்துக்கும் மேல் யாருக்கும் போகாமல் செத்தது. அதில் பத்தில் ஒன்று கார்சியாவுக்கு விழுந்திருந்தாலே அவர்தான் மேயர் வேட்பாளர். வைலியும் கார்சியாவும் ஒருவருக்கொருவர் இரண்டாவது விருப்பம் கேட்கவே இல்லை. இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆடம்ஸ் வரக்கூடாது என்று நினைத்தவர்கள் தனித்தனியாக நின்று அவரை வரவைத்தார்கள்.

"வைலி சிவில் உரிமை வக்கீல், கார்சியா துப்புரவுத் துறையை நடத்திய அதிகாரி, எப்படி ஒத்துப்போகும்?" என்பார்கள். 2025-ன் ஜூன் போட்டியைப் பாருங்கள். முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கூமோவுக்கு எதிராக ஸோரான் மம்தானியும் பிராட் லாண்டரும் பரஸ்பரம் ஆதரவு கேட்டார்கள். மம்தானி முதல் விருப்பத்திலேயே முன்னிலை, அது வேறு விஷயம். ஆனால் இஸ்ரேல் விவகாரத்தில் இருவருக்கும் முழுக்க ஒத்துப்போகாது. அதை வைத்துக்கொண்டேதான் கைகோத்தார்கள்.