18-ம் நாளுக்கு மேல் முட்டையை உருட்டாதீங்க

கோழிக்குஞ்சு பொரிக்கிறதைப் பற்றிய உங்க கட்டுரையில், குஞ்சு வெளியே வரும்வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கணும்னு போட்டிருக்கீங்க. அது தப்புங்க. 21 நாளில் கடைசி 3 நாள் முட்டையைத் தொடவே கூடாது. அப்போதுதான் குஞ்சு அலகைக் காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் காற்று இருக்கும் இடம்) பக்கம் திருப்பிக்கொண்டு தயாராகும். அடைக்கோழியும் அந்த நாட்களில் தீனிக்குக்கூட சரியாக இறங்காது, கவனிச்சிருப்பீங்க.

இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி இருந்தால் மட்டும் போதாது, கடைசி 3 நாள் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் வேணும். முதல் தடவை நான் தண்ணீர்த் தட்டை நிரப்ப மறந்துட்டேன். ஓட்டில் ஓட்டை போட்ட குஞ்சுகள் சவ்வு காய்ந்து ஒட்டி, உள்ளேயே செத்துப்போச்சு. மனசு கேட்காமல் ஒன்றை உரிச்சேன், ரத்தம் கசிந்தது. முதல் ஓட்டை விழுந்து முழுசாக வெளியே வர ஒரு நாள் ஆவது சகஜம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை!

7-ம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பாருங்க. சிவப்பு நரம்பு தெரியாத முட்டையை எடுத்துடுங்க, விட்டுவைத்தால் கூமுட்டை வெடித்து வீடே நாறும். (எங்கம்மா அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடுவாங்க, இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுடும்னு பயந்து. நானும் போடுறேன்.)

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம், வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு 2 நாள் தாங்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்க, இல்லைனா விழுந்து நனைஞ்சிடும். கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க முதல் வாரக் கடைசியில் கண்ணில் விடும் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதலையே, ஏங்க?