சான்றிதழ் தொங்குது, சரி. கன்ட்ரோல் ஓட்டுனாங்களா?

மார்த்தாண்டத்து ரத்தப் பரிசோதனை லேப் ஒண்ணோட கதையைத் திரும்ப எழுதப் போறதில்ல. ஊருல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு வாட்ஸ்அப்ல பாத்தாச்சு. எனக்கு எரிச்சல், அந்த லேப்புல அதிகாரிங்க ஆய்வு முடிஞ்சதும் வந்த "எல்லாம் திருப்தி" ஸ்டேட்டஸ்லதான்.

எதைப் பாத்துத் திருப்தி? சுவத்துல பதிவுச் சான்றிதழ். கழிவுக்கு மஞ்சப் பை, சிவப்புப் பை. நல்லது. காலையில மெஷின்ல கன்ட்ரோல் ஓட்டுனாங்களா? அளவு முன்னாடியே தெரிஞ்ச திரவம் அது. அதைச் சரியாக் காட்டினாத்தான் அடுத்தவன் ரத்தத்தை ஏத்தணும். அந்த ரிஜிஸ்டர் எங்க? ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கு ஊத்துற ரசாயனம், இருக்க ஃப்ரிட்ஜோட வெப்பநிலையை எழுதி வைக்காங்களா? ஒண்ணும் கேக்கல. அங்க நின்னவங்ககிட்ட விசாரிச்சிட்டுத்தான் சொல்லுதேன்.

எங்க அம்மைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான் ஒரு பையன். அருமனையில எடுத்து, இன்னும் பல வீடு ஏறி, பைக் பெட்டியில வெயில்ல கொண்டு சேத்திருக்கான். சாயங்காலம் ரிப்போர்ட்: பொட்டாசியம் 6.9. இதயம் நின்னுரும்னு யாரோ சொல்ல, ராத்திரியோட ராத்திரியா காரு புடிச்சு நாகர்கோவில். அக்கா வழியெல்லாம் ஜெபம். அங்க ஈசிஜி சரி. திரும்ப எடுத்தா 4.3. ரத்தத்தைப் பிரிக்காம மணிக்கணக்கா வச்சா, இல்ல செல்லு உடைஞ்சா, உள்ள இருக்க பொட்டாசியம் வெளிய வந்து கூடுதலாக் காட்டும்னு டாக்டர் சொன்னாங்க. சர்க்கரை நேர்மாறு, டியூப்ல இருக்கும்போதே குறையும். அது குறையாம இருக்க மருந்து போட்டதுதான் சாம்பல் மூடி டியூப். "சுகர் கன்ட்ரோல்ல இருக்கு"ன்னு சந்தோசமா அல்வா தின்னுட்டுத் திரியுறவங்க யோசிங்க. இது மெஷின் தப்புகூட இல்ல, கொண்டுபோன தப்பு. அதை எந்த ஆய்வு பாக்குது?

"சின்ன லேப்பை நசுக்காதீங்க, ஏழைங்க எங்க போவாங்க"ன்னு ஒரு அண்ணாச்சி. தப்பான ரிப்போர்ட்டு ஏழைக்கு லாபமா அண்ணாச்சி? கார் வாடகை நாங்கதான குடுத்தோம். "ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில மட்டும் ஒழுங்கா?" அது வேற பேச்சு. "சட்டம்தான் இருக்கே?" இருக்கு. தனியார் ஆஸ்பத்திரி, லேப்பையெல்லாம் ஒழுங்குபடுத்த 1997-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டம், விதிகள் வர 2018 ஆச்சு. ஸ்கேன் சென்டர்ல, ஆணா பொண்ணான்னு பாக்கதைத் தடுக்க சட்டப்படி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் எழுதணும். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ரத்தப் பரிசோதனைத் தரத்துக்கு? லேப் தரத்தைப் பாத்துக் குடுக்க தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். சான்று விருப்பம் இருந்தா வாங்கிக்கலாம். வேலூர் சி.எம்.சி. ஒரே சாம்பிளைப் பல லேப்புக்கு அனுப்பி, யாரு சரியாச் சொல்லுதான்னு ஒப்பிட்டுக் காட்டுது. அதுல சேருறதும் இஷ்டம். குளச்சல்ல மீன் வாங்கும்போது தராசுல முத்திரை இருக்கான்னு பாக்க ஆளுங்க நாம!

டெக்னீஷியன் மேல பழி போடாதேன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அது நியாயம். விடிகாலை வந்து, ரத்தம் எடுத்து, மெஷின் ஓட்டி, பில்லும் போடுத பிள்ளை அது. கன்ட்ரோல் வாங்க முதலாளி காசு குடுக்கலேன்னா அது என்ன செய்யும்? நாளைக்குச் சீல் வச்சாலும் முதல்ல வேலை போறது அதுக்குத்தான். முதலாளி வேற தெருவுல வேற பேருல திறப்பாரு.

"நீ என்ன டாக்டரா?"ன்னு கேட்டவருக்கு: இல்ல. பெரிய லேப்புக்கு ஆள் பிடிக்கவனும் இல்ல. கன்ட்ரோல் ஓட்டுனாங்களான்னு கேக்க டாக்டரா இருக்கணுமா?

அந்தக் கமென்ட்டுக்கு ஹாஹா போட்டிருக்க அத்தானுக்கும் ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி காரை ஓட்டினது நீங்கதான். அதை எடுத்துருங்க அத்தான்.