கடலை எண்ணெய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போடும் குரல்பதிவு

"வயசுக்கு வந்த பொண்ணுக்கு நெய், எண்ணெய் கொடுத்தா பின்னாடி மார்பகப் புற்றுநோய் நிச்சயம்." வேலூர், குடியாத்தம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல்பதிவு இது.

தவறு. அந்த "நிச்சயம்" எந்த ஆய்விலும் இல்லை.

இந்தப் பேச்சின் வேர் வேறு. பூப்படையும் பருவத்தில் மார்பகச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன; அதனால் அப்போதைய உணவு பிற்காலத்தைப் பாதிக்குமா என்று ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் 1989-இல் தொடங்கி, செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பள்ளிப் பருவத்தில் கொழுப்பு மிக அதிகம் உண்டதாகச் சொன்னவர்களிடம், மாதவிடாய் நிற்கும் முன் வரும் மார்பகப் புற்றுநோய் ஓரளவு கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. தொடர்பு தெரிந்தது, காரணம் நிரூபணமாகவில்லை. அதே ஆய்வில் இளமையில் நார்ச்சத்து நிறைய உண்டவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்ததைக் குரல்பதிவு சொல்லவே இல்லை!

நம் மானாவாரி நிலக்கடலையைச் செக்கில் ஆட்டிய எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுறாக் கொழுப்பு, அதாவது உடலுக்கு நல்லதென்று கருதப்படும் வகை. வளரும் பெண்ணுக்குக் கொழுப்பு கட்டாயம் வேண்டும். பயந்துபோய் தாளிப்பைக்கூட நிறுத்திவிடாதீர்கள், அம்மாக்களே. தட்டில் கேழ்வரகும் கீரையும் பயறும் கூடட்டும். பாக்கெட் நொறுக்குத்தீனி குறையட்டும்.